எட்டக் கட்டிய கோட்டை

அத்தியாயம் 9

அணுவின் கருவுக்குள் புகுந்து, அங்கே ஆண்டவர் மறைத்துவைத்த ரகசியத்தை அகில உலகுக்கும் எடுத்து வந்த முதல் குடும்பம், திருத்தங்கல் தேவாசீர்வாதம் குடும்பம்.

விழா அழைப்பிதழில் அப்படித்தான் இருந்தது. எழுதியவர் தேவாசீர்வாதம். பிழை திருத்தியவர் தேவாசீர்வாதம். ‘குடும்பம்’ இரண்டு முறை வந்ததை அவர் வேண்டுமென்றேதான் விட்டிருந்தார். ஒன்று தனக்கு, மற்றது மீதி மூவருக்கும் சேர்த்து.

அந்த மீதி மூவரில் அணுவின் கரு வரைக்கும் உண்மையில் போனவள் இளையவள் ஹெப்சிபா மட்டும்தான். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். அண்ணன் ஜாபஸ் சிவகாசியில் அச்சகம் நடத்துகிறான். அம்மா கனகமணி ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தேவாசீர்வாதம் இயற்பியல் வாத்தியாராகத் தொடங்கி, ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்று, இன்னும் ஓயாதவர்.

போன வாரம் ஹெப்சிபாவை விருதுநகர் ஸ்டேஷனில் போனும் கையுமாக நிறுத்தியிருந்தோம். கூட வேலை பார்க்கும் ஜூனியர் பெண்ணிடமிருந்து போனில் வந்திருந்த செய்தி இது: ‘அக்கா, காலண்டர் படத்துக்காகப் போட்ட பெரிய பெட்டியில நம்பர் வேற வருது.’

சில இரவுகளில் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அதுபோலச் சில அணுக்கருக்களுக்கும் உண்டு. நியூட்ரான் அளவுக்கு மிஞ்சிப் போன அணுக்கருவில், கடைசி இரண்டு நியூட்ரான்கள் கூட்டத்தோடு ஒட்டாமல் வெகு தூரத்தில் மங்கலாகத் திரியும். விட்டும் போகாது. தனிக்குடித்தனம் போன ஜாபஸ், வீட்டில் மீன்குழம்பு வைக்கும் நாளில் மட்டும் தவறாமல் வந்து நிற்கிறானே, அந்த மாதிரி. இதற்கு ஹாலோ என்று பெயர். ஃபுளோரின்-31 என்ற அணுக்கரு, ஹாலோவோடு சேர்த்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் ஹெப்சிபா. அவள் சொன்ன ஆரம் 3.52 ஃபெம்டோமீட்டர்.

ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஃபெம்டோமீட்டர். அந்த எண்ணை தேவாசீர்வாதம் மூன்று அங்குல உயரத்தில், காலண்டரில், சிவப்பில் போடச் சொல்லியிருந்தார்.

அந்தக் காலண்டர் வெளியீடும் மகளுக்குப் பாராட்டும் இன்று மாலை.

*

சனிக்கிழமை காலை தேவாசீர்வாதம் பீரோக் கண்ணாடியின் முன் நின்று, கண்ணாடியை வருக வருக என்று வரவேற்றுக்கொண்டிருந்தார்.

“கனகம், ‘எனதருமைப் புதல்வி’ன்னு சொல்லவா, ‘இம்மண்ணின் புதல்வி’ன்னு சொல்லவா?”

“ஹெப்சின்னு சொல்லுங்க. அவளுக்கும் புரியும்,” என்றார் கனகமணி, முருங்கைக்கீரையை உருவியபடி. “நேத்து நிலாவப் பாத்தீகளா? எட்டக் கோட்ட கட்டியிருந்துச்சு. எட்டக் கட்டுனா கிட்ட மழை. பந்தல் சொல்லியிருக்கீகளா?”

“ஹாலுக்குள்ள நடக்குற விழாவுக்கு எதுக்குப் பந்தல்?”

“பிரியாணி வெளியிலதான போடுறீக?”

தேவாசீர்வாதம் கண்ணாடியிடமே திரும்பிவிட்டார். அது எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

ஹெப்சிபா வாசற்படியில் நின்றாள். “அப்பா, ஒரு விஷயம் பேசணும்.”

“பேசலாம் பாப்பா, சாயங்காலம் மைக்குலயே பேசலாம். ஒனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கேன்.”

“ஒங்களுக்கு?”

“நாப்பது.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு சிவகாசிக்கு டவுன் பஸ் ஏறினாள்.

*

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஓய்ந்திருந்தன. அச்சகங்களுக்கு அந்த ஓய்வு இல்லை. பட்டாசு விற்றாலும் விற்காவிட்டாலும் ஜனவரி வந்தே தீரும்.

ஜாபஸின் அச்சகத்தில் காலண்டர்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஹெப்சிபா, மறுபக்கம் நீல மூட்டம் சூழ்ந்த அணுக்கரு, நடுவில் அந்த எண், கீழே பன்னிரண்டு மாதம்.

“அண்ணே, இத நிறுத்த முடியுமா?”

“எத நிறுத்த? அச்சடிச்சு, வெட்டி, மேல தகரமும் அடிச்சாச்சு. அங்கன பாரு, மூவாயிரம் தடவ நீதான் இளிச்சுக்கிட்டு இருக்க.”

“அந்த நம்பர் தப்பு.”

ஜாபஸின் முகம் வெளுத்தது. “அச்சுப் பிழையா?”

“இல்ல. என் பிழை.”

“அப்பாடா,” என்றான் ஜாபஸ்.

பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்து, ஒரு பேப்பர் கட்டைத் தட்டி அவளை உட்காரச் சொன்னான்.

“மொதல்ல ஒரு படம் அனுப்பினேன்ல? நீ திருப்பி அனுப்பிட்டியே?”

அவனுக்கு நினைவிருந்தது. அந்தப் படத்தில் நீல மூட்டம் ஓரத்தில் கத்தரித்தாற்போல் நின்றது. தாளை வெட்டும்போது கத்தி நூலளவு விலகினாலும் வெள்ளை தெரிந்துவிடும். அதனால் வெட்டுகிற கோட்டைத் தாண்டியும் படம் கொஞ்சம் ஓட வேண்டும். அச்சுக்காரர்கள் அதை பிளீடு என்பார்கள். ‘பிளீடு விட்டு அனுப்பு’ என்று அவன் கேட்டிருந்தான். சாமி படத்துக்கும் சாத்தூர் சேவுக் கடைப் படத்துக்கும் கேட்பதைத்தான் ஃபுளோரினுக்கும் கேட்டான்.

“கம்ப்யூட்டருக்கு முடிவில்லாத வெளி தெரியாதுண்ணே. ஏதாவது ஒரு தூரத்துல சுவர் வச்சு, இந்தப் பெட்டிக்குள்ள கணக்குப் போடுன்னு சொல்லணும். சாதாரண அணுக்கருவுக்குச் சின்னப் பெட்டி போதும். ஹாலோ அப்படியில்ல, ரொம்ப தூரம் போகும். நான் வச்ச சுவத்துல முட்டி நின்னுருச்சு. அதான் அதோட அளவுன்னு எழுதிட்டேன். நீ ஓரம் கேட்டன்னு பெட்டியப் பெருசாக்குனோம். நம்பர் ஏறிருச்சு.”

“அட்டப் பெட்டிய அளந்துட்டுப் பட்டாசு அம்புட்டு நீளம்னு சொல்லிட்ட.”

“ஆமா.”

“நம்ம ஊரு கிப்ட் பாக்ஸ்ல நடக்காததா? இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு.”

அவள் சிரிக்கவில்லை. காலண்டர் கட்டின் தகர விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

“பெட்டியப் பெருசாக்குனா நம்பர் மாறுதான்னு பாக்கணும்ணே. மாறாத எடம் வர்ற வரைக்கும் தள்ளிக்கிட்டே போகணும். எங்க தொழில்ல அது அரிச்சுவடி. ஆஷ்லின் அப்பவே கேட்டா.”

ஆஷ்லின் நாகர்கோவில் பெண். ஆராய்ச்சிக் குழுவில் ஹெப்சிபாவுக்கு ஜூனியர். குழு என்றதும் பட்டாளம் என்று நினைத்துவிட வேண்டாம். பேராசிரியர், ஹெப்சிபா, ஆஷ்லின். அவ்வளவுதான்.

“என்ன கேட்டா?”

“‘இன்னும் கொஞ்சம் பெருசாக்கிப் பாத்துருவமாக்கா’ன்னு. மாநாட்டுக்கு நாள் நெருங்கிருச்சு. ‘பாத்துட்டேன், மாறல’ன்னு சொன்னேன்.”

“பாத்தியா?”

“இல்ல.”

மெஷின் ஒரு நிமிடம் நின்று மறுபடி ஓடியது. ஜாபஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஹெப்சி, மத்த ஊர்ல தப்புப் பண்ணா நாலு பேருக்குத் தெரியும். நீ சிவகாசியில பண்ணிட்ட. நாலு கலர்ல தெரியும்.”

“என்ன செய்யலாம்?”

“ஸ்டிக்கர் ஒட்டிருவோம். போன வருஷம் ஒரு நகைக்கடை காலண்டர்ல புனித வெள்ளியச் சனிக்கெழமையில போட்டுட்டோம். ஸ்டிக்கர்தான் மானத்தக் காப்பாத்துச்சு. சரியான நம்பரச் சொல்லு, மத்தியானத்துக்குள்ள ஆளப் போட்டு ஒட்டிருதேன்.”

“தெரியாது.”

“என்னத்தத் தெரியாது?”

“சரியான நம்பர். ஆஷ்லின் இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கா. பெட்டியத் தள்ளத் தள்ள ஏறுது. எங்கன நிக்கும்னு தெரியல.”

“நிக்காத நம்பருக்கு ஸ்டிக்கர் கெடையாது,” என்றான் ஜாபஸ். “அப்பாட்ட சொல்லிரு. நான் சொன்னா அச்சுப் பிழைன்னுதான் நம்புவாரு.”

*

தேவாசீர்வாதம் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஹெப்சிபா சொல்லச் சொல்ல ஷூ மினுங்கிக்கொண்டே வந்தது.

அவருக்குப் புரிந்தது. பெரிய பேச்சுக்காரர்தான், ஆனாலும் இயற்பியல் வாத்தியார். விடையைச் சரியாக எழுதி அலகை எழுதாமல் விட்ட பையன்களைப் பெஞ்சில் ஏற்றியவர். மூன்று அங்குல எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஃபெம்டோமீட்டர்’ என்று மறக்காமல் போடச் சொன்னவரும் அவர்தான்.

“தப்புன்னா எம்புட்டுத் தப்பு?” என்று கேட்டார். “மார்க் கொறையுற தப்பா, ஃபெயிலா?”

“ஃபெயிலுப்பா.”

பிரஷ் நின்றது.

“ஸ்டெப்ஸுக்கு மார்க் உண்டுல்ல?”

அவள் சின்ன வயதில், கணக்கில் தொண்ணூறு வாங்கி வந்த நாளில் மீதிப் பத்து எங்கே என்று கேட்டவர் இவர். இன்றைக்கு அந்தப் பத்தில் ஒன்றிரண்டு தேறுமா என்று கேட்கிறார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“ஆஷ்லினுக்கு.”

“சர்ச்சுக்குப் போற பிள்ளதான? வெளிய சொல்லாதுல்ல?”

கேட்டது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அடுத்த ஷூவை எடுத்தார். அது ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு ஒரு பொழுது போகட்டும் பாப்பா. சிறப்பு விருந்தினரா சபரிநாதன் வாறாரு. என்கிட்டப் படிச்ச பிள்ளைக அம்புட்டுப் பேரும் வாத்தியாரா வந்து உக்காருவாக. திங்கக்கெழம பேராசிரியருக்குச் சொல்லிக்கலாம். சபையில எதுக்கு?”

அடுப்படியிலிருந்து கனகமணியின் குரல் வந்தது. “வார்டுல மருந்து மாறிப் போச்சுன்னா திங்கக்கெழம வரைக்கும் பேஷண்ட் காத்திருப்பானா?”

“இது மருந்தா கனகம்? இதுனால ஒரு உசுரு போகப் போகுதா?”

“போகாதுல்ல? அப்ப சொல்றதுக்கு என்ன பயம்?” கரண்டியோடு வாசலுக்கு வந்தார். “நான் ஒருக்கா மாத்திக் குடுத்துருக்கேன். டாக்டர்கிட்ட உடனே சொன்னேன். மருந்து மாறிப் போச்சுன்னு மட்டும் சொல்லக் கூடாது, யார் குடுத்தான்னும் சொல்லணும். நான்னு சொன்னேன். ஒரு வாரம் எவளும் மூஞ்சி குடுத்துப் பேசல. பெறகு பேசுனாளுக.”

தேவாசீர்வாதம் ஷூவை மறந்து வெறுங்காலோடு எழுந்து உள்ளே போனார்.

மத்தியானம் பீரோக் கண்ணாடி ஹெப்சிபாவுக்குக் கிடைத்தது. மூன்று வாக்கியம் போதும் என்று முடிவு செய்தாள். இந்த எண் தப்பு. தப்பு செய்தது நான். மன்னித்துவிடுங்கள். கண்ணாடியைப் பார்த்து மூன்றையும் சொல்லிப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை. இரண்டு நாளில் முதல் முறையாகப் பசித்தது. போனை எடுத்து எதையோ அனுப்பிவிட்டு, போய்ச் சாப்பிட்டாள்.

*

சர்ச் ஹால் நிறைந்திருந்தது. கொரோனாக் காலத்தில் பிடித்த பழக்கம், மூன்றுகால் ஸ்டாண்டில் ஒரு போனை நிறுத்தி எல்லாவற்றையும் நேரலையில் விடுவது. இன்றும் அது நின்றது.

சிறப்பு விருந்தினர் சபரிநாதன். பட்டாசுக் கம்பெனி முதலாளி, இரண்டு பள்ளிக்கூடங்களின் தாளாளர், எத்தனை பொன்னாடை வாங்கியவர் என்பது அவருக்கே மறந்து போனவர். கம்பெனியில் மிஞ்சிய முப்பது ஷாட் பெட்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டு வந்திருந்தார். வெளியே அவருடைய ஆள் ஊதுபத்தியோடு தயாராக நின்றான். பாப்பா பேச்சுக்குக் கைதட்டல் கேட்டதும் பற்றவைக்க வேண்டும் என்பது உத்தரவு.

தேவாசீர்வாதம் நாற்பது நிமிடத்தை ஒரு மணி நேரத்தில் முடித்தார். மகளைப் பற்றிக் கொஞ்சம், தன்னைப் பற்றி மீதி. ஆனால் 3.52 என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதை ஹெப்சிபாவும் கனகமணியும் மட்டும் கவனித்தார்கள்.

சபரிநாதன் மைக்கைப் பிடித்தார். “அணுவைப் பற்றி அடியேனுக்கு விளக்கத் தேவையில்லை. என் தொழிலே வெடிப்பதுதான்.” காலண்டரை விரித்துச் சபைக்குக் காட்டினார். “மூன்று புள்ளி ஐம்பத்திரண்டு. இவ்வளவு சின்ன எண். இதற்குள் எவ்வளவு பெரிய மூளை.”

பொன்னாடை விழுந்தது. மைக் ஹெப்சிபாவின் கைக்கு வந்தது.

“இந்தக் காலண்டர்ல இருக்குற நம்பர் தப்பு,” என்றாள்.

முன்வரிசையில் அப்பாவின் பழைய மாணவர்கள், இன்றைய வாத்தியார்கள், பாதிச் சிரிப்போடு நின்றுபோனார்கள். அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. கேள்வித்தாளை வாங்கிப் படித்து, ஒன்றும் தெரியாது என்று கண்ட பையனின் முகம் அவருக்கு வந்திருந்தது.

இரண்டாவது வாக்கியம் வாயில்தான் இருந்தது. வெளியே வந்தது வேறு.

“எங்க ஜூனியர் பொண்ணு ஒருத்தி, அவசரத்துல கணக்குப் பெட்டியச் சின்னதா வச்சுட்டா. நான்தான் கவனிச்சிருக்கணும். மன்னிச்சுக்குங்க.”

சபரிநாதன் எழுந்தார்.

“பாருங்கள். சிறியவள் செய்த பிழையைத் தன் தோளில் தூக்கிச் சுமக்கும் பெருந்தன்மையைப் பாருங்கள். இதுவல்லவா கல்வி.”

கைதட்டல் ஹாலை நிறைத்தது. வெளியே நின்ற ஆள் கேட்டான், பற்றவைத்தான். சிவப்பு, பச்சை, வெள்ளி என்று முப்பது ஷாட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய் வெடித்தன. தப்பாகப் போட்ட ஒரு கணக்குக்கு இவ்வளவு வெளிச்சம் திருத்தங்கலில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

தேவாசீர்வாதம் எழுந்து நின்று கைதட்டினார். அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியிருந்தது. ஸ்டெப்ஸுக்கு முழு மார்க்கும் கிடைத்துவிட்டது.

கனகமணி கைதட்டவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பிரியாணியைப் பார்க்க வெளியே போனார். மழை பிடித்திருந்தது.

ஜாபஸ் கடைசி வரிசையில் காலண்டர் கட்டோடு நின்றான். விழா கலைந்ததும் அவளிடம் வந்தான். அவள் தோளில் பொன்னாடை அப்படியே கிடந்தது.

“காலையில என்கிட்ட வேற மாதிரில்ல சொன்ன?”

“அண்ணே—”

“ஒன் தப்பு வெட்டுற கோட்டத் தாண்டி அந்தப் பிள்ள மேல ஓடிருச்சு ஹெப்சி,” என்றான். கட்டைப் பிரித்து, சாப்பிடப் போகிறவர்களின் கையில் ஆளுக்கொன்றாகக் காலண்டரைக் கொடுக்கத் தொடங்கினான். வாங்கியவர்கள் அதைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினார்கள்.

ஹெப்சிபாவின் போன் மேஜையில் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

நேரலையைப் பதினொரு பேர் பார்த்தார்கள். எட்டுப் பேர் வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள். இரண்டு பேர் வேறு எதையோ தேடி வந்தவர்கள். இன்னொருத்தி ஆஷ்லின்.

அந்த லிங்க்கை மத்தியானம் அவளுக்கு அனுப்பியது ஹெப்சிபாதான். ‘நான் உண்மையச் சொல்லப் போறேன், நீயும் கேளு’ என்று கூடவே எழுதியிருந்தாள்.